பருவம் மாறும்போது மனச்சுமையை இறக்கி வைப்பது: முதன்முறை முயல்பவர்களுக்கான வழிகாட்டி

பருவம் மாறும் நாட்களில் அலமாரியைக் காலிசெய்யத் தோன்றுவதுபோலவே மனத்தில் கிடக்கும் பழைய கணக்குகளையும் தீர்த்துவிடத் தோன்றும். அந்த உந்துதல் உண்மையானது, பயன்படுத்திக்கொள்ளத் தக்கது. வாரம், மாதம், ஆண்டு, கல்விப் பருவம் இவற்றின் தொடக்கத்தில் மக்கள் உடற்பயிற்சிக்கூடத்துக்குப் போவதும் புதிய உறுதிகள் எடுப்பதும் கூடுகிறது என்று ஹெங்சென் டாய், கேத்ரின் மில்க்மன், ஜேசன் ரீஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2014இல் காட்டினார்கள். காலண்டரில் ஒரு கோடு விழுந்ததும் "அது பழைய நான், இது புதிய நான்" என்று மனம் பிரித்துக்கொள்கிறது. ஆனால் இந்த வேகம் சீக்கிரமே வடிந்துவிடும். அதனால் இந்த வேலைக்கு 14 நாள் கெடு வைத்துக்கொள்ளுங்கள். தொடங்கும் தேதி காலண்டர் சொல்லும் தேதியாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. காற்றும் வெளிச்சமும் மாறிவிட்டதாக உங்களுக்குத் தோன்றும் வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டால் போதும்.

தொடங்குமுன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். இங்கே மறப்பது நோக்கமே அல்ல. நினைக்கக் கூடாது என்று எதை அழுத்துகிறோமோ அதுவே மேலெழும். 1987இல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் ஒரு சோதனையில் சிலரிடம் வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்றார். அவர்களால் அதைத் தவிர்க்க முடியவில்லை. பிறகு நினைக்கலாம் என்று அனுமதித்தபோது, முதலிலிருந்தே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களைவிட அதிகமாக நினைத்தார்கள். நினைவு இருக்கும். அது வரும்போது நெஞ்சை அடைக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் நாம் கேட்பது.

தேவையானவை: கோடு போடாத தனித்தாள்கள் இருபது, ஒரு பேனா, ஒரு கடிகாரம், யாரும் குறுக்கிடாத 20 நிமிடம். நோட்டுப் புத்தகம் வேண்டாம். தனித்தாளாக இருந்தால்தான் பிரித்து அடுக்கவும் பிறகு கிழிக்கவும் முடியும். செல்போனில் எழுதவும் வேண்டாம். யாரைப் பற்றி எழுதுகிறீர்களோ அவரிடமிருந்தே நடுவில் ஒரு செய்தி வந்து நிற்கலாம். நேரம் காலையோ மாலையோ இருக்கட்டும், படுக்கப்போகும் முன்பு மட்டும் கூடாது. எழுதி முடித்த பின் குறைந்தது ஒரு மணி நேரம் சும்மா இருக்க இடமிருக்க வேண்டும்.

முதல் ஐந்து நாள்: உடம்பின் பங்கைப் பிரியுங்கள்

பருவம் மாறும்போது வரும் பாரத்தில் ஒரு பகுதி மனத்துடையதே அல்ல. பகல் குறுகினால் உடலின் உள்கடிகாரம் தடுமாறுகிறது. வெயில் ஏறினால் இரவுத் தூக்கம் கெடுகிறது. இரண்டிலும் காரணமில்லாத எரிச்சல், சோர்வு, அழுகை வரும். அந்த நிலையில் உட்கார்ந்து பழையதைக் கிளறினால் சின்ன மனத்தாங்கலும் பெரிய துரோகமாகத் தெரியும்.

அதனால் முதல் ஐந்து நாள் எழுத்து வேலையே வேண்டாம். தினமும் மூன்று விஷயங்களை மட்டும் குறியுங்கள்: எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள், எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், மாலை ஆறு மணிக்கு மனம் எவ்வளவு கனக்கிறது (0 முதல் 10 வரை). எழும் நேரத்தை ஐந்து நாளும் ஒன்றாக வைத்திருங்கள். எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் 20 முதல் 30 நிமிடம் வெளியே நடங்கள். விளக்கு எரியும் அறையில் வெளிச்சம் பெரும்பாலும் சில நூறு லக்ஸ்தான் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு). மேகமூட்டமான நாளில்கூட வெளியே அது ஆயிரக்கணக்கில் இருக்கும். ஜன்னலோரம் உட்காருவது அதற்கு ஈடாகாது.

ஐந்தாம் நாள் எண்களைப் பாருங்கள். 7, 7, 5, 4, 3 என்று இறங்கியிருந்தால் உங்களுக்கு வேண்டியது தூக்கமும் வெளிச்சமும்தான். மிச்சமிருப்பதைத்தான் இனி எடுக்கப் போகிறோம். இன்னொரு வகையினரும் உண்டு. ஆண்டுதோறும் அதே பருவத்தில் மனம் தரைமட்டமாகி, அடுத்த பருவத்தில் தானே சரியாகிவிடும். இதைப் பருவகால மனச்சோர்வு என்று மனநல மருத்துவர் நார்மன் ரோசன்தாலும் அவர் குழுவினரும் 1984இல் விவரித்தார்கள். 10,000 லக்ஸ் ஒளிவிளக்கின் முன் காலையில் அரை மணி நேரம் உட்காருவது இதற்கான சிகிச்சைகளில் ஒன்று. கண் நோய் உள்ளவர்களும் மனநிலை அதீதமாக ஏறி இறங்கும் நோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது.

ஆறாம் நாள்: ஒரு தாளில் ஒரு விஷயம்

கடிகாரத்தில் 20 நிமிடம் வையுங்கள். மனத்தை அரிக்கும் ஒவ்வொன்றையும் தனித்தாளில் ஒரே வாக்கியமாக எழுதுங்கள். வாக்கியத்தில் ஆள், நடந்தது, உணர்ச்சி மூன்றும் இருக்க வேண்டும். "ஆபீஸ் டென்ஷன்" என்று எழுதினால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. "என் உழைப்பை மேலாளர் வேறொருவர் பெயரில் சொன்னபோது நான் வாய் திறக்கவில்லை, அவமானமாக இருக்கிறது" என்றால் பிடித்துக்கொள்ள ஏதோ கிடைக்கிறது.

உணர்ச்சிக்குச் சரியான பெயர் வைப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். பலர் எல்லாத் தாளிலும் "கோபம்" என்றே எழுதிவிடுவார்கள். கோபத்தின் அடியில் பெரும்பாலும் வேறொன்று இருக்கும்: ஏமாற்றம், பயம், பொறாமை, ஏக்கம், வெட்கம், ஆற்றாமை. சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. "கோபம்" என்பதை அடித்துவிட்டு ஒவ்வொரு சொல்லாக அங்கே வைத்துப் படியுங்கள். எந்தச் சொல்லில் தொண்டை இறுகுகிறதோ அதுதான். உணர்ச்சிக்குப் பெயர் சூட்டும்போது மூளையில் அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா பகுதியின் செயல்பாடு தணிவதை மேத்யூ லீபர்மன் குழுவினர் 2007இல் படம்பிடித்துக் காட்டியிருக்கிறார்கள். ஆக இது வெறும் முன்னேற்பாடு இல்லை, பெயர் வைப்பதே பாதி ஆறுதல்.

ஒவ்வொரு தாளின் மூலையிலும் 0 முதல் 10 வரை ஒரு எண் போடுங்கள். பத்துத் தாளுக்கு மேல் போனால் நிறுத்திவிடுங்கள். அதற்குப் பிறகு வருவதெல்லாம் முன்னதன் கிளைகளாகவே இருக்கும். 9, 10 போட்ட தாள்களைத் தனியே எடுத்து வையுங்கள். புதியவர்கள் செய்யும் பெரிய தவறு இங்கேதான்: இருப்பதிலேயே பெரியதை முதலில் தூக்கப்போய், மூன்றாம் நாள் எல்லாவற்றையும் விட்டுவிடுவார்கள். 3 முதல் 6 வரை உள்ள இரண்டு மூன்று தாள்கள் இந்தப் பருவத்துக்குப் போதும். வன்முறை, பாலியல் கொடுமை, விபத்து, கடந்த சில வாரங்களுக்குள் நேர்ந்த மரணம் ஆகியவற்றைத் தனியாக உட்கார்ந்து கிளற வேண்டாம். அவற்றுக்குப் பயிற்சி பெற்ற ஒருவர் அருகில் இருக்க வேண்டும்.

ஏழாம் நாள்: வகை பிரித்தல்

மொத்த வேலையிலும் இதுவே முக்கியம். எல்லாச் சுமைக்கும் ஒரே மருந்து கொடுப்பதால்தான் பெரும்பாலான முயற்சிகள் தோற்கின்றன. இரண்டு மாதமாகத் திருப்பிக் கொடுக்காத கடனை எவ்வளவு தியானம் செய்தாலும் இறக்கிவைக்க முடியாது. தாயின் மரணத்தை எந்தப் பட்டியல் போட்டும் முடித்துவைக்க முடியாது. ஒவ்வொரு தாளையும் கையில் எடுத்து, "இதில் இன்னும் செய்ய வேண்டியது ஏதாவது இருக்கிறதா? செய்ய வேண்டியது நானா, அவரா, யாருமில்லையா?" என்று கேளுங்கள். நான்கு அடுக்குகள் கிடைக்கும்.

*முடிக்காமல் விட்ட வேலை.* கொடுக்க வேண்டிய பணம், எடுக்காத மருத்துவப் பரிசோதனை, பதில் எழுதாத கடிதம். இது உணர்ச்சியின் வேஷம் போட்ட வேலை. இதற்கு அழ வேண்டியதில்லை, திட்டம் போதும். முடியாத வேலை மனத்தைக் குடைவதை நிறுத்த அதை முடிக்கக்கூட வேண்டாம். எப்போது, எங்கே, எப்படிச் செய்வேன் என்று தெளிவாகத் தீர்மானித்தாலே குடைச்சல் குறைகிறது என்பதை உளவியலாளர்கள் மசிகாம்போவும் பௌமைஸ்டரும் 2011இல் சோதித்துக் காட்டினார்கள். தாளின் பின்பக்கம் இப்படி எழுதுங்கள்: "சனிக்கிழமை காலை காபி குடித்ததும், ஹால் நாற்காலியில் உட்கார்ந்து, அவருக்குப் போன் செய்து தவணைத் தேதியைச் சொல்வேன்." "சீக்கிரம் பேச வேண்டும்" என்பது திட்டம் ஆகாது. ஒரு நாள், ஓர் இடம், கை செய்யும் முதல் அசைவு இந்த மூன்றும் இல்லாவிட்டால் தாள் அப்படியே கிடக்கும்.

*நான் செய்த தப்பு.* குற்றவுணர்ச்சிக்கு ஈடுசெய்வதே மருந்து. மன்னிப்புக் கேட்பதாக இருந்தால் நான்கு வரி போதும்: நான் செய்தது இன்னது, அதனால் உங்களுக்கு நேர்ந்தது இன்னது, தவறு என்னுடையது, இதைச் சரிசெய்ய நான் செய்யப்போவது இன்னது. "ஆனால்" என்ற சொல் எங்கே வந்தாலும் வெட்டிவிடுங்கள், அதற்குப் பின் வருவது வாதம். "உங்கள் மனம் புண்பட்டிருந்தால்" என்பதும் கூடாது; புண்பட்டதா என்று தெரியாமலா கேட்கிறீர்கள்? கடைசியில் "மன்னித்துவிட்டேன்னு சொல்லுங்க" என்று பதிலுக்குக் காத்திருக்கவும் வேண்டாம். உங்கள் பாரத்தைத் தூக்கி அவர் மடியில் வைப்பதாகிவிடும். அவர் மறந்து நிம்மதியாக இருக்கும் ஒன்றைக் கிளறினால் அவருக்கு வலி, உங்களுக்கு மட்டும் ஆறுதல் என்றால் போகாதீர்கள். அவர் உயிரோடு இல்லை என்றால் அந்த நான்கு வரியைக் கடிதமாக எழுதி, நான்காம் வரியை இன்னொருவரிடம் நிறைவேற்றுங்கள். தந்தைக்குக் கொடுக்காத நேரத்தை, தனியாக இருக்கும் ஒரு பெரியவருக்குக் கொடுப்பதுபோல.

*இழப்பு.* இந்த அடுக்கை யாரும் "விட்டுவிட" வேண்டியதில்லை. துக்கத்தைக் கழிவாக நினைத்து வெளியே தள்ளப் பார்க்கும் அறிவுரைகளைக் கேட்காதீர்கள். துக்கத்தில் இருப்பவர் இழப்பின் பக்கமும் அன்றாட வாழ்வின் பக்கமும் மாறி மாறிப் போய்வருவதே இயல்பு என்று மார்கரெட் ஸ்ட்ரோபவும் ஹெங்க் ஸ்ஹுட்டும் 1999இல் விளக்கினார்கள். இரண்டில் ஒன்றிலேயே தங்கிவிடுவதுதான் சிக்கல். நடைமுறையில் இதற்கு ஒரு பெட்டியும் ஒரு நேரமும் போதும். மூடி போட்ட ஒரே ஒரு பெட்டி எடுங்கள். அதில் அடங்குவது மட்டும் இருக்கட்டும். அரை மணி நேரம் உட்கார்ந்து பொருள்களைக் கையில் எடுத்துப் பாருங்கள். அழுகை வந்தால் அழுங்கள். நேரம் முடிந்ததும் மூடிவிட்டுக் கையை நனைக்கும் வேலை ஏதாவது செய்யுங்கள், பாத்திரம் துலக்குவது, துணி அலசுவது. கொடுக்கவும் மனமில்லை, வைக்கவும் முடியவில்லை என்ற பொருள்களை உறையிலிட்டு அடுத்த பருவத்தின் ஒரு தேதியை மேலே எழுதி வையுங்கள். முதல் ஆண்டில் எதையும் தூக்கி எறியாதீர்கள். சட்டையைக் கொடுத்துவிட்டு மறுவாரம் அதன் வாசத்துக்காக ஏங்குபவர்கள் நிறையப் பேர்.

*மற்றவர் செய்தது.* மனத்தாங்கல், துரோகம், அவமதிப்பு. செய்ய வேண்டியவர் அவர், அவர் செய்யப்போவதில்லை. இதற்குத்தான் எழுத்து.

எட்டு முதல் பதினொன்று: நான்கு நாள் எழுத்து

ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்கள் நான்கு நாள் தொடர்ந்து, நாளுக்கு 15 நிமிடம், தங்களை உலுக்கிய நிகழ்ச்சியை எழுதினார்கள். நடந்ததையும் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த மாதங்களில் மருத்துவ மையத்துக்குப் போவது குறைந்தது. அதற்குப் பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகள் வந்துவிட்டன. சராசரிப் பயன் சிறியதுதான், ஆனால் இருக்கிறது. அற்புதத்தை எதிர்பார்க்காதீர்கள்.

"மற்றவர் செய்தது" அடுக்கிலிருந்து ஒரே ஒரு தாளை எடுங்கள். கைநிற்காமல் 15 முதல் 20 நிமிடம் எழுதுங்கள். எழுத்துப்பிழை, அழகு எதையும் பார்க்காதீர்கள், யாருக்கும் காட்டப்போவதில்லை. முதல் நாள், நடந்ததை வரிசையாக: எந்த அறை, யார் எங்கே நின்றார், என்ன சொல் விழுந்தது. இரண்டாம் நாள், அது உங்களுக்குள் என்ன செய்தது, இதற்கு முன் எப்போது இப்படி உணர்ந்தீர்கள். மூன்றாம் நாள், "நான்" என்பதை விட்டுவிட்டு உங்கள் பெயரைப் போட்டு எழுதுங்கள்: "அன்று மீனாவுக்கு என்ன வேண்டியிருந்தது?" தன்னைத் தள்ளி நின்று பார்ப்பதால் கொந்தளிப்பு குறைகிறது என்பது ஈதன் கிராஸின் ஆய்வுகளில் தெரிந்தது. புதியவர்களுக்கு இந்த நாள்தான் செயற்கையாகத் தோன்றும். ஐந்து நிமிடம் பொறுத்தால் கை பழகிவிடும். நான்காம் நாள், இப்போது என்ன புரிகிறது, அவரிடமிருந்து இனி எதை எதிர்பார்ப்பதை நிறுத்துகிறேன் என்று எழுதுங்கள்.

எழுதி முடித்ததும் ஒரு மணி, இரண்டு மணி நேரம் மனம் இன்னும் கனக்கும். அது இயல்பு. அடுத்த நாள் காலை வரை கனம் ஏறிக்கொண்டே போனால் தாளை மாற்றுங்கள். எழுதும்போதே கை நடுங்கி மூச்சு முட்டினால் உடனே நிறுத்துங்கள். அந்த விஷயம் இந்த முறைக்கு உரியதல்ல.

இரண்டாம் நாள் எழுத்தையும் மூன்றாம் நாள் எழுத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே வாக்கியங்கள், அதே "ஏன் எனக்கு மட்டும்" திரும்பத் திரும்ப வந்தால் எழுத்து செக்குமாடாகிவிட்டது. பயன்பெற்றவர்களின் எழுத்தில் "அதனால்", "இப்போது புரிகிறது" போன்ற சொற்கள் நாளுக்கு நாள் கூடியதைப் பென்னிபேக்கர் கவனித்தார். "ஏன்" என்ற கேள்வியை விட்டு, "அதற்குப் பிறகு என்ன நடந்தது?" என்று மாற்றிக் கேளுங்கள். கதை நகரத் தொடங்கும்.

மன்னிப்பது பற்றி ஒரு சொல். மன்னிப்பது என்றால் மறுபடி உறவாடுவது என்றோ, புகாரைத் திரும்பப் பெறுவது என்றோ, அவர் செய்தது சரி என்றோ பொருளல்ல. இதை ராபர்ட் என்ரைட் போன்ற ஆய்வாளர்கள் தொடர்ந்து வலியுறுத்துகிறார்கள். உங்களைத் துன்புறுத்தியவர் இன்னும் அருகிலேயே இருந்தால் முதலில் பாதுகாப்பு. மன்னிப்பு அப்புறம், அல்லது வேண்டவே வேண்டாம்.

பன்னிரண்டாம் நாள்: தாளை அழித்தல்

பலர் இதை முதல் நாளே செய்துவிடுகிறார்கள். வேலை முடியாத தாளை எரித்தால் சாம்பல்தான் மிஞ்சும், விஷயம் அப்படியே இருக்கும். ஆனால் எழுதி முடித்த பிறகு கிழித்து எறிவதில் பலன் உண்டு. கோபத்தை எழுதிய தாளைக் குப்பையில் போட்டவர்களுக்கும் துண்டாக்கியவர்களுக்கும் கோபம் தணிந்தது, தாளைக் கையில் வைத்திருந்தவர்களுக்கு அந்த அளவு தணியவில்லை என்று ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வு 2024இல் சொன்னது.

கையால் எட்டாகக் கிழித்துப் போட்டாலே போதும். எரிக்க விரும்பினால் வெளியே, உலோகப் பாத்திரத்தில், ஒரு நேரத்தில் ஒரு தாள், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். இதைப் படம்பிடித்துப் பதிவிடாதீர்கள். பார்ப்பவர்களின் கேள்விகள் ஆறியதைக் கிளறும். கடன் பத்திரம், மிரட்டல் செய்தி, மருத்துவச் சான்று போன்ற ஆதாரங்களை உணர்ச்சிவேகத்தில் அழித்துவிடாதீர்கள். அழிக்க வேண்டியது உங்கள் எழுத்தை மட்டும்.

வழி தவறக்கூடிய இடங்கள்

கத்தித் தீர்த்தால் கோபம் ஆறும் என்பது தவறு. பிராட் புஷ்மன் 2002இல் செய்த சோதனையில், கோபமூட்டியவரை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தியவர்களுக்குத்தான் கோபம் அதிகமாக இருந்தது. இரண்டு நிமிடம் சும்மா உட்கார்ந்தவர்கள் அவர்களைவிட அமைதியாக இருந்தார்கள். உடம்பின் சூட்டைத் தணிப்பதே வழி. நான்கு நொடி மூச்சை இழுத்து, ஆறு நொடி விட்டால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு. ஐந்து நிமிடம் செய்யுங்கள். தலை சுற்றினால் அதிக ஆழமாக இழுக்கிறீர்கள் என்று பொருள். ஆழத்தைக் குறையுங்கள், வேகத்தை மாற்ற வேண்டாம்.

நம்பகமானவரிடம் மனம் விட்டுப் பேசுவது நல்லது. பேசுமுன், "தீர்வு சொல்ல வேண்டாம், கேட்டுக்கிட்டா போதும்" என்று சொல்லிவிடுங்கள். ஆனால் ஒரே விஷயத்தை ஒரே ஆளிடம் மூன்றாம் முறை பேசும்போது புதிதாக ஏதும் வருகிறதா என்று கவனியுங்கள். வரவில்லை என்றால் இருவரும் சேர்ந்து அசைபோடுகிறீர்கள்.

வேண்டாத நேரத்தில் நினைவு வந்து நின்றால் விரட்டாதீர்கள், தள்ளிப்போடுங்கள். நாளில் ஒரு அரை மணி நேரத்தைக் கவலைக்கென்று, அதே நேரம், அதே நாற்காலி என்று ஒதுக்கி, "உன்னை ஐந்தரை மணிக்குப் பார்க்கிறேன்" என்று அதுவரை தள்ளிவைப்பது தாமஸ் போர்கோவெக் குழுவினர் 1983இல் சோதித்த முறை. ஐந்தரை மணிக்குக் கட்டாயம் உட்கார வேண்டும். ஒருநாள் ஏமாற்றினாலும் மறுநாள் மனம் நம்பாது.

இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் மனம் இருண்டே கிடந்தால், முன்பு பிடித்தது எதுவும் பிடிக்காமல் போனால், தூக்கமும் பசியும் குலைந்தால் இந்த வழிகாட்டியை மூடிவிட்டு மருத்துவரிடம் போங்கள். உயிரை விடும் எண்ணம் எட்டிப்பார்த்தால் அன்றே, அந்த மணிக்கே ஒருவரிடம் சொல்லி உதவி எண்ணை அழையுங்கள்.

பதினான்காம் நாள்: மறுபடி எண் போடுங்கள்

கிழித்த தாள்களின் விஷயத்தை நினைவிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லி, மறுபடி 0 முதல் 10 வரை மதிப்பிடுங்கள். 6 என்று இருந்தது 4 ஆனால் நன்றாகவே நடந்திருக்கிறது. பூஜ்யத்தைத் தேட வேண்டாம். அசையாத எண் ஒன்று இருந்தால் உங்களிடம் உறுதி இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்; தாள் தப்பான அடுக்கில் போயிருக்கலாம். அடிக்கடி நடப்பது இரண்டு. "அவர் செய்தது" என்று நினைத்து நான்கு நாள் எழுதியதில், உண்மையில் நாம் கேட்டுப் பெற வேண்டிய ஏதோ ஒன்று, பணமோ விளக்கமோ, கேட்கப்படாமல் கிடக்கும். அதை முதல் அடுக்குக்கு மாற்றி நாளும் இடமும் குறியுங்கள். இன்னொன்று, கோபமாகத் தெரிந்தது இழப்பாக இருக்கும்: நண்பர் செய்த துரோகத்தைவிட, அந்த நட்பு இல்லாமல் போனதுதான் வலிக்கிறது. அதற்குப் பெட்டியும் அரை மணி நேரமும் கொடுங்கள். 9, 10 போட்டுத் தனியே வைத்த தாள்களை உறையிலிட்டு ஒட்டி, அவற்றை யாரோடு சேர்ந்து திறப்பது என்று அவர் பெயரை உறையின் மேல் எழுதி, அவரிடம் பேசும் தேதியை இந்த வாரமே குறித்துவிடுங்கள்.